வயிற்றுப்புண்ணுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டுமா?

2025 ஜனவரி 6, மாலை (கேள்வி)

எனக்கு வயது 41. லாரி புக்கிங் அலுவலகத்தில் வேலை. சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. போன தீபாவளிக்குப் பிறகு மேல்வயிற்றில் எரிச்சல், நடுராத்திரியில் எழுப்பிவிடும் வலி. எண்டோஸ்கோப்பி செய்து முன்சிறுகுடலில் புண் என்றார்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிடும்வரை நன்றாக இருக்கிறது; நிறுத்திய சில நாட்களில் திரும்பிவிடுகிறது. “நேரத்துக்குச் சாப்பிடாதவனுக்கு அல்சர் வரத்தான் செய்யும். காரத்தை விட்டுவிட்டு ஆயுளுக்கும் மாத்திரை போட்டுக்கொள்” என்கிறார்கள் வீட்டில். அப்படித்தானா?

ஜனவரி 6, இரவு

இல்லை தம்பி. உங்களிடம் இரண்டு கேள்விகள். எண்டோஸ்கோப்பி அறிக்கையின் அடியில் ‘ஆர்.யு.டி.’ என்று ஒரு வரி இருக்கும்; வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்த்த சோதனையின் முடிவு அது. அதில் என்ன எழுதியிருக்கிறது? முதுகுவலி, மூட்டுவலி, தலைவலி என்று ஏதாவது வலி மாத்திரை வாரத்தில் ஓரிரு முறையாவது போடுகிறீர்களா?

வயிற்றுப்புண்ணில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு வாசல் வழியாகத்தான் வருகிறது: ஒன்று கிருமி, மற்றொன்று வலி மாத்திரை. எது என்று தெரியாமல் அமிலத்தை மட்டும் அடக்கிக்கொண்டிருப்பது சிகிச்சையில் பாதி.

ஜனவரி 7

“வலி மாத்திரை இல்லை, ஆர்.யு.டி. ‘பாசிட்டிவ்’, அது நல்ல செய்தி என்று நினைத்து மடித்து வைத்துவிட்டேன்” என்கிறார் கேள்வி கேட்ட தம்பி. படித்ததும் மனம் பதறியது. அவர் மேல் தவறே இல்லை. அந்த ஒரு வார்த்தையை விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் முடிவை யாரும் மறக்கமாட்டார்கள். எண்டோஸ்கோப்பியின்போது இரைப்பையின் உள்தோலிலிருந்து அரிசிக் குருணை அளவுக்கு ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் நிறக் கூழ் வைத்த சின்னக் குழியில் போடுவார்கள். அந்தக் கூழில் யூரியா இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி துணுக்கில் இருந்தால், அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும். காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) ஏறியதும் மஞ்சள் கூழ் இளஞ்சிவப்பாகிவிடும். அவ்வளவுதான் சோதனை. அதே அம்மோனியாவைத் தன்னைச் சுற்றி உண்டாக்கிக்கொண்டுதான் அந்தக் கிருமி இரைப்பை அமிலத்துக்குள் உயிர் வாழ்கிறது.

உங்கள் அறிக்கையில் பாசிட்டிவ் என்றால் கூழ் சிவந்திருக்கிறது. கிருமி இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை புண்ணை ஆற்றும், கிருமியை அழிக்காது. கிருமியை அப்படியே விட்டுவிட்டுப் புண்ணை மட்டும் ஆற்றியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்புகிறது. மாத்திரை நிறுத்தியதும் உங்களுக்குத் தொல்லை திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு குடல் நோய் நிபுணரிடம் போங்கள். நாளைக்கே போங்கள்.

ஜனவரி 8

“அப்படியானால் நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்பது?” என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கடையில் நான் தினமும் கேட்கும் வாக்கியம் இது. திண்டுக்கல் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் சாப்பாட்டு நேரத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. முன்சிறுகுடல் புண்ணின் வலி வெறும் வயிற்றில்தான் மூளும். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுப்பும். இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாய்ச் சோறோ உள்ளே போனால் அடங்கும். பட்டினி கிடந்தால் வலிக்கிறது, சாப்பிட்டால் நிற்கிறது. அதனால் பட்டினிதான் நோயைக் கொண்டுவந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஏற்கனவே இருக்கும் புண்ணைப் பட்டினி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

மருத்துவ உலகமே வெகுகாலம் கவலையையும் காரத்தையும்தான் குற்றம் சொன்னது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவர்கள் இருவர் அதை மாற்றினார்கள். ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் கிருமி வாழாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்க எடுத்த முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் கிடந்துவிட, அப்போதுதான் கிருமி முளைத்தது. மெதுவாக வளரும் கிருமி. அதுவரை சீக்கிரமே தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. ‘குடித்தார், அல்சர் வந்தது’ என்று பலர் எழுதுகிறார்கள். அவருக்குப் புண் வரவில்லை, அழற்சிதான் வந்தது. வேறுபாடு முக்கியம். கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை. நம் நாட்டில் ஏராளமானோர் வயிற்றில் அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் இருபது ஆண்டுகள் கழித்து, பாசிட்டிவ் என்றால் என்னவென்று தெரியாமல் ஒருவர் அறிக்கையை மடித்து வைக்கும் நிலை இருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஜனவரி 10

தம்பி மருத்துவரைப் பார்த்துவிட்டார். 14 நாள் சிகிச்சை. சீட்டில் நான்கு மருந்துகள்: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். “ஒரு கிருமிக்கு இத்தனையா? மருந்துக்கடைகளில் கிட் என்று ஒரு அட்டையில் விற்கிறார்களே, அது போதாதா?” என்கிறார்.

அந்த கிட்டை நானும் விற்றிருக்கிறேன். ஒரு நாளைக்குரிய மாத்திரைகள் காலை, மாலை என்று ஒரே அட்டையில் இருக்கும், போடுவதற்கு எளிது. பெரும்பாலும் அமில மாத்திரையோடு இரண்டு ஆண்டிபயாடிக். அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் சேர்ந்தது பல ஆண்டுகள் உலகமெங்கும் முதல் தேர்வாக இருந்தது. இப்போது கிளாரித்ரோமைசினுக்குப் பல இடங்களில் கிருமி மசிவதில்லை. சளிக்கும் தொண்டைவலிக்கும் அசித்ரோமைசினை மூன்று மாத்திரை, ஐந்து மாத்திரை என்று வாங்கிப் போட்டுப் பழகியிருக்கிறோம். கிளாரித்ரோமைசினும் அதே குடும்பத்து மருந்துதான். முன்பு அசித்ரோமைசினை அடிக்கடி போட்டவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தாலும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறையை 2024இல் அமெரிக்கக் குடல் நோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் முதல் சிகிச்சையாக முன்வைத்திருக்கிறது. டெட்ராசைக்ளின் எல்லாக் கடையிலும் கிடைக்காது. இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கும். கிடைக்கவில்லை என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். எழுதிய மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். நான் கடைக்காரன் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

போடும்போது கவனிக்க வேண்டியவை: டெட்ராசைக்ளினைப் பாலோடு போடக் கூடாது, ஜெலுசில், டைஜீன் போன்ற அமில முறிப்பு மருந்துகளோடும் கூடாது; மருந்து உடலில் ஏறாது. மெட்ரோனிடசோல் போடும் நாட்களில் மது அறவே வேண்டாம். வாயில் இரும்புச் சுவை வரும். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயப்பட வேண்டாம்.

ஜனவரி 11

‘பான்’ (பான்டோபிரசோல்) சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டவருக்கு: காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் விழித்து வேலையைத் தொடங்கும். விழித்திருக்கும் பம்பைத்தான் இந்த மருந்தால் அடைக்க முடியும். மருந்து ரத்தத்தில் ஓரிரு மணி நேரம்தான் நிற்கும். இட்லி சாப்பிட்டுக் காபி குடித்து, சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும். ‘மாத்திரை கேட்கவே இல்லை’ என்று மாற்று மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது நேரத்தைத்தான். பலருக்கு அதை மாற்றியதிலேயே சரியாகியிருக்கிறது.

ஜனவரி 12

பெரியவர் ஒருவர் தன் தகப்பனாருக்கு 1970களில் ‘வயிறு வெட்டி’ ஆபரேஷன் செய்த கதையை எழுதியிருக்கிறார். அந்தத் தலைமுறையில் அந்தத் தழும்போடு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாகத் தைத்து இணைத்துவிடுவார்கள். முன்சிறுகுடல் புண் ஆறி ஆறித் தழும்பாகி, சாப்பாடு போகும் வழியே சுருங்கிவிடும். நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியாக வரும். அந்த நிலையில் அறுவை தவிர வேறு வழி இல்லை. தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகுதி என்பதை மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரிசி உண்ணும் பகுதிகளில் கூடுதல், கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று அவர் கண்டார்.

மாத்திரைகள் வந்துதான் அந்தக் கத்தியை ஓய வைத்தன. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜேம்ஸ் பிளாக் குழு கண்டுபிடித்த, அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1988இல் அவருக்கு நோபல். பிறகு ரானிடிடின். 1980களின் கடைசியில் ஒமிபிரசோல்.

நம் ஊரில் ரானிடிடின் இல்லாத வீடே கிடையாது. அதில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஐயத்துக்குரிய மாசு இருப்பதாக 2019இல் எச்சரிக்கை வந்தது. அமெரிக்காவில் 2020இல் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022இல் நீக்கப்பட்டது. பெட்டியில் பழைய அட்டை வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் ஃபாமோடிடின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜனவரி 19

வலி மாத்திரை பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்கா ஒருவர், “நான் ஊசியாகத்தான் போட்டுக்கொள்கிறேன், வயிற்றுக்குப் போகாதே” என்று எழுதியிருக்கிறார்.

போகும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரொஃபென், நாப்ராக்சன் எல்லாம் வலியைக் குறைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்து. ஆஸ்பிரினின் இந்த வேலையை பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்தோலுக்குச் சளிக் கவசத்தையும் ரத்த ஓட்டத்தையும் காத்துத் தருகிறது. மருந்து ரத்தத்தில் கலந்தால் போதும், கவசம் மெலியும். வாய் வழியாகப் போனாலும் ஊசியில் போனாலும் ஆசனவாயில் வைத்தாலும் ஒன்றுதான்.

என் தாயாருக்கு முழங்கால் தேய்மானம். அடுத்த தெரு வைத்தியர் எழுதித் தந்த வலி மாத்திரையை, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் ஒன்று போடுவார். வயிற்றுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருநாள் விடிகாலையில் கழிவறையிலிருந்து வெளியே வந்தவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. உள்ளே போய்ப் பார்த்தேன்: கன்னங்கரேலென்று, தார் போல ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் நகராத மலம். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அது செரித்த ரத்தம். மருத்துவமனையில் ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி வழியாகவே கசியும் இடத்தில் அட்ரினலின் ஊசி போட்டு, கிளிப் மாட்டி நிறுத்தினார்கள். பிழைத்துக்கொண்டார்.

முதியவர்களுக்கு வலியே இல்லாமல் இப்படித்தான் நேரடியாக ரத்தக்கசிவில் வந்து நிற்கும். வலியை மறைக்கும் மாத்திரையைத்தானே தினமும் போடுகிறார்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுகிறவர்கள் கூடவே வலி மாத்திரையும் போட்டால் ஆபத்து இன்னும் ஏறும். ஆனால், இதைப் படித்துவிட்டு இதய ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறொரு ஆபத்து. பாதுகாப்புக்கு அமில மாத்திரை சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மூட்டுவலிக்கு அளவோடு பாரசிட்டமால், மேலே தடவும் களிம்பு இவற்றிலிருந்து தொடங்கலாம்.

கடையில் “வலிக்கு ஒரு வேளைக்குக் கொடுங்கள்” என்று அட்டையை வெட்டி வாங்கிப் போகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்காமல் நான் இப்போது தருவதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

ஜனவரி 20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, சிகிச்சையில் இருக்கும் தம்பி பயந்துபோய் எழுதியிருக்கிறார்: “எனக்கும் மலம் கறுப்பாகத்தான் போகிறது!” தம்பி, உங்களுடையது பிஸ்மத்தின் கறுப்பு என்று ஜனவரி 10ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும். ரத்தம் என்றால் பசைபோல் ஒட்டும், கடும் நாற்றம் இருக்கும், பெரும்பாலும் தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்து வரும். சந்தேகம் துளி இருந்தாலும் மருத்துவரை அழைத்துக் கேட்டுவிடுங்கள்.

வாய்க் கசப்பு தாங்கவில்லை, நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். இன்னும் நான்கே நாள். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை சிகிச்சை இதைவிடக் கடினம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு நார்த்தங்காய் வைத்துக்கொள்ளுங்கள், சுவை கொஞ்சம் மாறும்.

ஜனவரி 22

பால், மணத்தக்காளி, அதிமதுரம், காரம் என நான்கைப் பற்றியும் கேள்விகள் ஒரே நாளில் வந்துவிட்டன.

பால்: குடித்ததும் குளிர்ச்சியாக இருக்கும்; அதிலுள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும். சிகாகோவில் பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர் 1915இல் மணிக்கு மணி பாலும் பாலேடும் தரும் சிகிச்சையைப் பரப்பினார். பல பத்தாண்டுகள் உலகமே அதைப் பின்பற்றியது. புண்ணின் காரணத்தை அது தொடவே இல்லை.

மணத்தக்காளிக் கீரை: தாராளமாகச் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய மணத்தக்காளிச் சாறு எங்கள் வீட்டில் இன்றும் உண்டு, வயிற்றுக்கு இதமாக இருக்கும். கிருமியை ஒழிக்கும் வேலையை அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

அதிமதுரம்: இதைக் கேலி செய்ய முடியாது. அதன் வேரிலிருந்து உருவாக்கிய கார்பெனாக்சலோன் 1960களில் ஐரோப்பாவில் முறையான அல்சர் மருந்தாகவே இருந்தது. புண்ணை ஆற்றவும் செய்தது. ஆனால் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றியது. வேரும் அதிகமாக, நாள்கணக்கில் எடுத்தால் அதையே செய்யும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் அதிமதுரப் பொடி போடாதீர்கள்.

காரம்: எரிச்சலைக் கூட்டினால் குறையுங்கள். புண்ணை உண்டாக்குவது மிளகாய் அல்ல. புகை பிடிப்பது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். காரத்தை விட்டுவிட்டு பீடியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஜனவரி 23

சுக்ரால்ஃபேட் சிரப் பற்றிக் கேட்டவருக்கு: அது புண்ணின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜனவரி 27

14 நாள் முடிந்தது. வலி இல்லை என்கிறார். மகிழ்ச்சி. ஆனால் வலி போவது கிருமி போனதற்குச் சான்று அல்ல. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து சோதிக்க வேண்டும். மூச்சுச் சோதனை அல்லது மலத்தில் ஆன்டிஜென் சோதனை. அதற்கு முந்தைய இரண்டு வாரம் பான்டோபிரசோல் போன்றவை கூடாது. கிருமி பதுங்கிக்கொண்டு, இல்லை என்று பொய் முடிவு காட்டும். ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்) பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் ஆன்டிபாடி நெடுநாள் நிற்கும்.

மாத்திரை நிறுத்திய முதல் சில நாள் எரிச்சல் தலைகாட்டலாம். அடக்கி வைத்த அமிலச் சுரப்பு கொஞ்சம் துள்ளி எழும். ‘பார்த்தாயா, திரும்பிவிட்டது’ என்று உடனே அட்டையைத் தேடாதீர்கள். அந்த நாட்களுக்கு அமில முறிப்பு சிரப் போதும்.

பிப்ரவரி 2

முன்சிறுகுடல் புண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இரைப்பையில் புண் உள்ளவர்கள் இதை அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. இரைப்பைப் புண் சில நேரம் புற்றுநோயாக இருக்கும். அதனால்தான் அங்கே திசு எடுத்துப் பார்க்கிறார்கள், ஆறியதா என்று மறுபடி எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்கிறார்கள். வலி போய்விட்டதே என்று அந்த இரண்டாவது எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீர்கள்.

காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், ரத்தசோகை, காபித்தூள் போன்ற வாந்தி, தார் போன்ற மலம், திடீரென்று வயிறு பலகைபோல் இறுகிப் பொறுக்க முடியாத வலி. இவற்றில் எதுவும் மருந்துக்கடையில் நின்று பேசும் விஷயம் அல்ல. கடைசி மூன்றுக்கும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்ச் 3

மூச்சுச் சோதனை முடிவு வந்துவிட்டது: நெகட்டிவ். “இந்த முறை அர்த்தம் தெரிந்துதான் படித்தேன்” என்று தம்பி எழுதியிருக்கிறார். படித்துவிட்டு என் மனைவியிடமும் காட்டினேன்.

மாத்திரை இல்லாமலே தூங்குகிறாராம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டுமா என்று கேட்கிறார். இந்தக் கிருமி பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது; பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றுவது குறைவு. மனைவிக்கு வயிற்றுத் தொல்லை இருந்தாலோ, அவர் பிறந்த வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலோ இப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்துவிட்டது. தொல்லை இல்லாத பிள்ளைகளை இப்போது இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

எண்டோஸ்கோப்பி அறிக்கை, மருந்துச் சீட்டு, மூச்சுச் சோதனை முடிவு மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். நாளைக்கு முதுகுவலி என்று எந்த மருத்துவரிடம் போனாலும், வலி மாத்திரை எழுதுவதற்கு முன் அந்த உறையை எடுத்து மேசைமேல் வையுங்கள்.